டிராகன் குகையில் ஒரு நாய்

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்ததும் அங்கே குகை வந்துவிடும். இந்தப் பகடை விளையாட்டில் கதையை நடத்துவது பஸ் டிரைவரின் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி. அவன் நிலைமையைச் சொல்வான். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். டிரைவர் அதில் வேட்டைக்காரர். மனைவி மந்திரக்காரி. வேட்டைக்காரருக்குத் துணையாக ஒரு நாய் உண்டு. மேசையில் அது வெறும் கறுப்புச் சட்டைப் பொத்தான்தான், ஆனால் டிரைவருக்கு அதன் மேல் கொள்ளைப் பிரியம்.

சண்டை என்று வந்தால் போதும், முதல் வேலையாகப் பொத்தானைக் கடைசி மூலைக்குத் தள்ளிவிடுவார். அது நாயா, மிதியடியா என்று மச்சான் வாரம் தவறாமல் கிண்டலடிப்பான்.

அன்று டிராகன் விழித்துக்கொண்டது. அடுத்து அது கக்கப்போகிற நெருப்பு மூலை முடுக்கு விடாமல் பரவும் என்றான் மச்சான். மந்திரக்காரிக்குக் கவலையில்லை; நெருப்பு தீண்டாத போர்வை அவளிடம் இருந்தது. ஆனால் அடுத்தவரைக் காக்கும் மந்திரம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

டிரைவரின் முகம் வாடிவிட்டது. வேட்டைக்காரன் செத்தால் இன்னொருவனை உருவாக்கிக்கொள்ளலாம், இந்த நாயை எங்கே தேடுவது? மந்திரத்தை நாய்க்கே போட்டுவிடச் சொன்னார். விளையாட்டுதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

தன் உயிரை இவ்வளவு லேசாக விடுகிறாரே என்று மனைவிக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல் விதியைச் சொன்னாள்.

"நாய்க்குப் போட்டா நாய் மட்டுந்தாங்க பிழைக்கும். உங்களுக்குப் போட்டா அதுக்கும் சேரும். ஆனா அது உங்களை ஒட்டி நிக்கணும்."

அவரை ஒட்டி என்றால் டிராகனின் வாய்க்கு நேரே. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்ததை அங்கேயா கொண்டுபோவது? பொத்தானில் விரலை வைத்தார், எடுத்தார். மச்சானைப் பார்த்தார். நாய் ஓடிவர நேரமிருக்கிறது என்று அவன் தலையாட்டினான். கிண்டல் செய்யவில்லை.

"தள்ளி வச்சா பத்திரம்னு நீங்களா நினைச்சுக்கிட்டீங்க," என்றாள் மனைவி. "கூப்பிடுங்க அதை."

கூப்பிட்டார். மேசை முன் உட்கார்ந்திருப்பதையும் மறந்து, நாக்கைச் சொடுக்கியே கூப்பிட்டார். பொத்தான் குகையைக் கடந்து அவர் காலடிக்கு வந்தது. அவள் மந்திரத்தைப் போட்டாள். நெருப்பு வந்து இருவரையும் சுற்றிக்கொண்டு போனது. ஒரு முடிகூடப் பொசுங்கவில்லை என்று மச்சான் அறிவித்தபோது டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியொரு சந்தோஷம்.

டிராகன் இன்னும் எதிரேதான் நின்றது. அத்தான், நாயை மறுபடி மூலைக்கு அனுப்பட்டுமா என்று மச்சான் கேட்டான்.

"வேணாம் மாப்ளே. அது எங்கூடவே நிக்கட்டும்," என்ற டிரைவர், முதல்முறையாக நாய்க்காகப் பகடையைக் கையில் எடுத்தார்.