கேமராவுக்குள் அடித்த காற்று

சத்யபிரியாவுக்கு அப்பாவின் முகம் தெரியும். கல்யாண ஆல்பத்தில் இருந்தார், சுவரில் மாட்டிய படத்தில் இருந்தார். குரல்தான் தெரியாது. அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுவிட்டு ஊர் திரும்பிய ரிக் வண்டி ராய்ப்பூர் தாண்டிக் கவிழ்ந்து ஜெகதீஸ்வரன் இறந்துபோனார். பேச்சைப் பதிந்து வைக்கிற ஃபோன் அன்றைக்கு அந்த வீட்டில் யாரிடமும் இல்லை. உடம்போடு வந்த பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வீடியோ கேமரா இருந்தது, அதற்குள் ஒரு கேசட். அம்மா சௌந்திரம் அதைத் துண்டில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் வைத்தவள், பிறகு தொடவே இல்லை.

இந்தத் தை மாதம் வெள்ளையடிப்பதற்காக பீரோவைக் காலி செய்தபோது, சத்யபிரியா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பா ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும் அவளுக்கு.

பேட்டரி செத்திருந்தது. கரண்டில் செருகியதும் சின்னத் திரை எரிந்தது. கேசட் சுழலும் முனகலும் கேட்டது. ஆனால் படம் வரவில்லை, முழு நீலம். சத்தமும் இல்லை. டேப்பைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யச் சொல்லி நீலத்துக்கு நடுவில் ஒரு வரி மட்டும் வந்தது.

“தூசி ஏறிக் கெடக்குது, சாமி,” என்றார் மோகன்குமார். சௌந்திரத்தின் தம்பி. அப்பாவோடு ஒரே கம்பெனியில், வேறு வண்டியில் ஓடியவர். இப்போது சொந்தமாக ஒரு ரிக் வைத்திருக்கிறார். சர்வீஸுக்கு வந்த அந்த வண்டி, வீட்டை ஒட்டி சௌந்திரம் நடத்தும் கோழிப் பண்ணையின் வாசலில் நின்றது. வருஷக்கணக்காக இரைச்சலில் நின்று அவருக்குக் காது பெரும்பாலும் போய்விட்டது. “அந்தூருச் செவப்பு மண்ணு லேசுல போகாது.”

சேலத்தில் பழைய கேமராக்களைப் பழுது பார்க்கும் அர்த்தநாரியின் எண்ணை ஒருவர் கொடுத்திருந்தார். சத்யபிரியா அவருக்கு ஃபோன் போட உள்ளே போனாள்.

திருச்செங்கோடு, மல்லசமுத்திரம் பக்கம் ரிக் ஓட்டியவர்களுக்கு எந்தப் பழுதுக்கும் முதல் வைத்தியம் காற்றுதான். ஏர் ஃபில்டருக்கும் டீசல் பம்புக்கும் ஊதுவார்கள், வீட்டு மிக்ஸிக்கும் ஊதுவார்கள், வேலை முடிந்ததும் போட்டிருக்கும் சட்டைக்கே ஊதிக்கொள்வார்கள். சத்யபிரியா ஃபோனும் கையுமாக வெளியே வந்தபோது, மாமா கேமராவின் கேசட் மூடியைத் திறந்து, ரிக் வண்டியின் கம்ப்ரஸர் ஹோஸை அதற்குள் நீட்டியிருந்தார்.

“மாமா! என்னங்க பண்றீங்க?”

“பிரஷரைக் கொறைச்சு வெச்சுத்தான் ஊதுனேன்.”

“அந்தக் காத்துல எருமையே பறந்து போயிருமுங்க!”

“என்னது?”

“ஒண்ணுமில்லீங்க!”

கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். இரும்பை அது ஒன்றும் செய்யாது, கேமரா தாங்காது. இப்போது திரையில் நீலம்கூட இல்லை, ஈரம் ஏறிவிட்டதைக் காட்டும் ஒரு நீர்த்துளியின் படம் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை.

“கம்ப்ரஸர்ல ஊதுனாங்களா?” அர்த்தநாரி ஃபோனில் பெருமூச்சு விட்டார். “நீங்க திருச்செங்கோட்டுப் பக்கமாம்மா? கேக்கவே வேண்டாம். இப்ப கேசட்டை வெளிய எடுக்காதீங்க. ஈர டேப்பு உள்ள இருக்கிற உருளையில ஒட்டிக்கும், இழுத்தா கிழிஞ்சிரும். வெயில்லயும் வெக்காதீங்க. மெதுவான சூட்டுல ரெண்டு நாள் காயட்டும். அப்புறம் கிளீனிங் கேசட் போட்டு ஓட்டணும். எங்கிட்ட ஒண்ணு கெடக்கு, ஆள் அனுப்புங்க.”

சத்யபிரியா திண்டாடிப்போய் நின்றாள். மாமாவைத் திட்டத் திரும்பினாள். அவர் கேமராவை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, தேய்த்து எழுப்பிவிடலாம் என்பதுபோல் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சௌந்திரம் அதை வாங்கிக்கொண்டாள். பழைய வேட்டித் துணியில் இறகுத் தூசி புகாதபடி சுற்றி, குஞ்சு ஷெட்டுக்குக் கொண்டுபோனாள். போன வாரம் இறக்கிய குஞ்சுகளுக்காக அங்கே பல்புகள் அணையாமல் எரிந்துகொண்டிருந்தன. முட்டை அட்டையில் கேமராவை வைத்து, சூடு அதிகம் படாத உயரத்தில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள்.

“அது போயிருச்சுன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?” என்றார் மோகன்குமார்.

“நீ வேணும்னா பண்ணுன? போயி சோறு உண்ணு.”

அவர் உண்ணவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் போனார். கிளீனிங் கேசட்டைச் சட்டைப் பையில் பட்டன் போட்டு மூடிக் கொண்டுவந்தார்.

சத்யபிரியா தீவனம் வைக்கப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தாள். உள்ளே டேப் ஒட்டிப் போயிருந்தால் அப்பாவின் குரல் இந்த ஜென்மத்துக்கு இல்லை. அந்தக் குரல் கனமானதா, கீச்சென்று இருக்குமா, தன் பேரை முழுசாகச் சொல்லுமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் எதையும் யோசிக்கக் கூடாது என்று முடிவு செய்தாள்.

காய்ந்த பிறகு கேமராவை இறக்கினார்கள். துளிப் படம் போயிருந்தது. கேசட் முழுசாக வெளியே வந்தது. கிளீனிங் கேசட்டை ஓட்டி, அப்பாவின் கேசட்டைத் திரும்பப் போட்டு, டிவியோடு ஒயரை இணைத்தாள். நீலம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சதுரம் சதுரமாக உடைந்து, உடைந்த சதுரங்கள் ஒன்றுசேர்ந்து, படம் வந்தது.

வறண்ட காடு. ரிக் வண்டி. துளையிலிருந்து மேலே அடிக்கும் வெள்ளைப் புழுதி. யாரோ ஒருவர் கையில் கேமரா ஆடியது. அதற்கு எதிரே வந்து நின்றார் ஜெகதீஸ்வரன். புழுதி படிந்த மீசை. சிரித்தார். வாய் அசைந்தது.

கேட்டதெல்லாம் கம்ப்ரஸரின் இரைச்சல் மட்டும்தான்.

சத்யபிரியா சத்தத்தைக் கூட்டினாள். இரைச்சல் கூடியது. டிவியின் ஓரத்தில் காதை வைத்தாள். அப்பாவின் வாய் மூடித் திறந்தது. ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

“என்ன சொல்றான்?” என்றார் மாமா ஆவலாக.

“ஒண்ணும் கேக்கலீங்க. வண்டிச் சத்தந்தான்.” அவள் டிவியிலிருந்து காதை எடுத்தாள். “வண்டிச் சத்தம் மட்டுந்தான், மாமா.”

அவள் திரும்பிப் பார்த்தால், மாமாவின் வலது கை மடியை விட்டு எழும்பி, காற்றில் எதையோ பின்தொடர்ந்துகொண்டிருந்தது.

“நிறுத்தீராத,” என்றார். “அவன் கையைப் பாரு. வண்டி ஓடறப்ப எவன் வாயால பேசுவான்? வாய் சும்மா கூட அசையும். எங்க பேச்செல்லாம் கையிலதான்.”

படத்தில் ஜெகதீஸ்வரன் காது மடலைப் பிடித்தார். தொடையைத் தட்டினார். கேமராவை நோக்கி விரலை நீட்டினார்.

“உனக்குக் காது குத்தறதைச் சொல்றான், சாமி. மடி... என்ற மடியில வெச்சு... என்னைத்தான் சொல்றான். நான் பார்ப்பேன்னு தெரிஞ்சு எனக்குத்தான் பேசறான்.”

ஜெகதீஸ்வரன் சுட்டுவிரலைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினார். மறுபடியும் சுழற்றினார்.

“அது?”

மோகன்குமாரும் தன் விரலைச் சுழற்றினார். “ஓட்டு, நிறுத்தாதேங்கறது. தான் வர நேரமானாலும் குத்தறதை நிறுத்தாதீங்கன்னு.”

அப்போது நாள் குறித்திருந்த காதுகுத்தை நிறுத்தித்தான் போட்டார்கள். சாவு வீட்டில் சடங்கு எப்படி? பள்ளிக்கூடம் போகிற வயதில்தான், அழவும் கடிக்கவும் தெரிந்த பிறகுதான், மாமா மடியில் அவளுக்குக் காது குத்தினார்கள்.

“என்ற பேரைச் சொன்னாருங்களா?”

“கையில பேரு வராது, சாமி. இங்க பாரு.” அவர் உள்ளங்கையை முழங்கால் உயரத்தில் வைத்து, நெஞ்சுக்குக் கொண்டுபோனார். திரையிலும் ஜெகதீஸ்வரன் அதையே செய்தார். “இது நீதான். எத்தனை தடவை போட்டுட்டான் பாரு.”

படம் சட்டென்று அறுந்து நீலமானது. சத்யபிரியா கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி மறுபடியும் போட்டாள். மாமாவின் கையும் திரையில் இருந்த கையும் சேர்ந்து அசைந்தன. இரைச்சல் கூடத்தை நிரப்பி, வெளியே கோழிகள் வரைக்கும் போனது.

இவ்வளவு நேரம் வாசற்படியில் நின்ற சௌந்திரம் வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரிமோட்டை எடுத்தாள்.

“சத்தத்தைக் கொறைச்சுக்கலாம் கண்ணு. காதை அடைக்குது.”

“இருக்கட்டும்மா,” என்றாள் சத்யபிரியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதுக்குள்ளதான் அவரு பேசிட்டிருக்காரு.”