பெர்ஸ் நூனனின் பல்லும் மெர்வ் ஹாடரின் பதக்கமும்

1

இந்தக் கதை ஒரு பல்செட்டில் பிறந்தது, மறைப்பானேன்? குயின்ஸ்லாந்தின் மேற்குப் பகுதியில், எங்கள் மல்காரா ஊர் பப்பில் பெர்ஸ் நூனன் அதைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"சண்டையில என் விமானம் பாலைவனத்துல விழுந்து கிடந்துச்சு. துருக்கிக் குதிரைப்படை துரத்திட்டு வருது. இந்த மெர்வ் பய பக்கத்துலயே இறங்கி, என்னை இறக்கைமேல ஏத்திக்கிட்டுப் பறந்தான். அதுக்குப் பதக்கம் குடுத்தாங்க.* திரும்பி இறங்குறப்ப இறக்கைக் கட்டையில மோதி என் பல்லு மொத்தமும் போச்சு. அதை எவனாவது எழுதுனானா?"

எழுதுகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

(* பதக்கத்தை வைத்துக்கொள் என்று மெர்வ் ஒருமுறை நீட்டினான். "இதை வெச்சுக் கறி கடிக்க முடியுமா?" என்று கேட்டான் பெர்ஸ்.)

2

முதல் தொடக்கம்: "1917. செந்நிற வானில் கழுகெனப் பாய்ந்தார் கேப்டன் மெர்வ் ஹாடர்..."

பெர்ஸ் உரக்கப் படித்துக் காட்டினான். மெர்வ் பீரை வைத்துவிட்டு, "யாருடா இவன்? நல்லா ஓட்டுவான் போலிருக்கே" என்றான். [இந்த வரியை அடித்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "போர் முடிந்து ஊர் திரும்பி, பதினைந்து வருடம் ஆட்டுப் பண்ணைகளுக்கு விமானத்தில் தபால் கொண்டுபோன மெர்வ்..." [வாக்கியம் இங்கே நின்றுவிட்டது. காரணம் கீழே.]

3

மெர்வுக்குப் பார்வை மங்கிவிட்டது. இனிப் பறக்கக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். திங்கட்கிழமை வேறொருவன் வந்து விமானத்தைக் கொண்டுபோகிறான். [எனக்கு அழுகை வந்தது. சிரிப்புக் கதை எழுத உட்கார்ந்தவனுக்கு இது தேவையா?]

ஞாயிறு காலை மெர்வ் சொன்னான்: "ஒரே ஒரு தடவைடா. மேல ஏத்துறது எனக்குக் கைப்பழக்கம். இறங்கத்தான் தரை தெரியாது."

பல் போன நாளிலிருந்து விமானத்தில் ஏற மாட்டேன் என்றிருந்தவன் பெர்ஸ். பல்செட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "பத்திரம். இதையும் உடைச்சிருவான்."

முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தான்; பின்னால், ஓட்டும் இருக்கையில் மெர்வ்.

4

முடிவு அ: பூப்போல இறங்குகிறார்கள். [நம்புவீர்களா?]

முடிவு ஆ: கம்பிவேலியில்... [மாட்டேன். என்னால் எழுத முடியாது.]

இதோ வருகிறார்கள். எஞ்சினை அணைத்துவிட்டதால் பெர்ஸின் குரல் கேட்கிறது.

"இடதுல... இன்னும் இடதுல. ஆடு மேயுதுடா, கொஞ்சம் தூக்கு. ம்... இப்ப விடு."

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தரை எவ்வளவு தூரம் என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பல்செட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.