மலைக்குள் நின்ற ரயில்

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்று நான்கில் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. கோழிப் பிரட்டல் மேசைக்கு வந்த நேரம் பார்த்து மண்டபத்தில் விளக்குகள் அணைந்தன. எல்லோரும் "அலாமா!" என்று கத்தினார்கள். என் பக்கத்து நாற்காலியில் இருந்த குணபூசணி அம்மாள் மட்டும் அசையவில்லை.

"பல்லியாத்தான் இருக்கும். ரெண்டு கம்பிக்கு நடுவுல போய்ப் படுத்திருக்கும். எனக்கு அப்படித்தான் ஒருதடவ கிள்ளான் ரயிலே நின்னுபோச்சு."

"எந்த ரயில் ஆன்டி?"

"என் ரயில்."

விளக்கு வந்தது. ஐஸ்கிரீம் வரும்வரை அவர் சொன்னதுதான் இந்தக் கதை. இடையில் நான் புகுந்து கெடுத்த இடங்களும் உண்டு. அவற்றை மறைக்கப்போவதில்லை.

2

முதல் வரி இப்படி எழுதினேன்: ‘ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் தம் பழைய நிலையத்தை நினைத்தபடி ஒரு பொம்மை ரயிலை–’

இந்த மனிதரை உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர் கடைசிப் பக்கத்தில் என்ன செய்வார் என்பதுகூடத் தெரியும். ஆகவே அவரை அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது: ‘குணபூசணியின் தகப்பனார் ரயில்வேயில்–’

இதையும் அடித்தேன். விருந்து மேசையிலேயே நான் இப்படி ஊகித்துக் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். "எங்கப்பா ட்ரெஷரியில கணக்கெழுதற கிராணிலா. ரயில்ல ஏறினாலே அவருக்கு வாந்தி."

"அப்புறம் ஏன் ஆன்டி ரயில்?"

"ஓடுச்சே, அதான்."

இதைவிட நல்ல காரணம் என்னிடமும் இல்லை. சரி, தொடங்குகிறேன். இனி அவரை ‘அவள்’ என்று எழுதுவேன். கதைக்குள் அவளுக்கு வயது முப்பத்தொன்பது. இன்றைய எனக்குத் தங்கை முறை.

3

குணபூசணி தாதிப் படிப்புக்காக இங்கிலாந்து போனவள். அறுபதுகளில் நான்கு ஆண்டு, லீட்ஸ் நகரத்தில். முதல் குளிர்காலத்தில் கால்விரல்கள் வீங்கி வெடித்தன. விடுதிக்குத் திரும்பும் வழியில் ஒரு பழைய பொம்மைக் கடை இருந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பச்சை எஞ்சின் மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. அவள் தினமும் அங்கே நின்றாள். ஒருநாள் கடைக்காரர் கதவைத் திறந்து, உள்ளே வந்து பார், கணப்பு இருக்கிறது என்றார். அடுத்த சம்பளத்தில் அந்த எஞ்சினை வாங்கினாள்.

வாங்கியதும் அவள் கட்டியது நிலையமோ மலையோ அல்ல; ஒரு பாலம். கிள்ளான் ஆற்றின் மேல் ரயில் போகுமே, அந்த இரும்புப் பாலம். லீட்ஸ் காற்றில் முறிந்து போகும் குடைகளின் கம்பிகளைப் பொறுக்கி வந்து, விடுதி அறையில் ஒவ்வொன்றாக ஈயத்தால் பற்றவைத்தாள். கையில் படம் இல்லை. நினைவிலிருந்தே கட்டினாள். ஊருக்குத் திரும்பிய கப்பலில் அந்தப் பாலம் அவளுடைய சேலைகளுக்கு நடுவே படுத்து வந்தது.

தலைநகரத்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் இருந்தது அண்ணன் தம்புவின் வீட்டில். கடைகளுக்கு மேலே மாடி வீடு. வெளி அறையில் ஒரு பெரிய ப்ளைவுட் பலகை போட்டாள். அதில் பாலம், பாலத்தின் இந்தப் பக்கம் பிரிக்ஃபீல்ட்ஸ், அந்தப் பக்கம் கிள்ளான். ஆற்றுக்குத் தே தாரிக் நிறத்தில், பால் தேநீரின் சேற்றுப் பழுப்பில் வர்ணம்.

அதன் பிறகு வந்தவை எல்லாம் விபத்துகள்.*

மழைக்காலத்தில் பலகை ஊதி, தண்டவாளம் பாம்பு போல நெளிந்தது. காகித வீடுகளைச் சோற்றுப் பசையால் ஒட்டினாள். கரப்பான் பூச்சிகள் ஒரே வாரத்தில் பாதித் தெருவைத் தின்றன. புல்வெளிக்கு மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றிப் பரப்பினாள். அதன்மேல் நிஜமாகவே பூஞ்சை முளைத்தது.

"புல்லு வளருது குணம்," என்றாள் அண்ணி பூமணி. மரத்தூள் அரித்தது அவளுடைய மா சலிக்கும் அரிதட்டில் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்த அன்று வீட்டில் இரவு இடியப்பம் இல்லை.

(* பல்லி கதை இங்கே வரவேண்டும். அதில் ஒரு சாவு இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.)

குன்றுகள் மட்டும் ஒருமுறைகூடக் கெடவில்லை. அவள் எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்தவள். கால் கைகளுக்குக் கட்டுப் போடுவதுபோல பிளாஸ்டரை நனைத்துச் சுற்றி, உள்ளங்கையால் நீவி விடுவாள். "சாலாக் செலாத்தான் மேடு, ஒரு முழங்கால் சைஸ்," என்றார் என்னிடம்.

4

இங்கே கதைக்கு ஓர் ஆண் வருகிறார். எனக்குத் தயக்கம்தான். ஆனால் வந்தார், என்ன செய்ய?

சண்முகரத்தினம். கிள்ளானில், துறைமுகத்துக் கப்பல் கம்பெனி ஒன்றில் கிராணி. மனைவி இறந்து ஆறேழு வருடம், பிள்ளைகள் இல்லை. எழுபத்தெட்டின் கடைசியில், தம் அக்காவுடன் பெண் பார்க்க வந்தார்.

அண்ணன் தம்பு பலகையை மறைக்கச் சொன்னான். "நாப்பது வயசுப் பொம்பிள பொம்ம வச்சு விளையாடுதெண்டு நினைக்கப் போகினம்." கட்டில் விரிப்பை எடுத்து எல்லாவற்றின் மேலும் போர்த்தினார்கள். அதைப் பார்த்தால் யாரோ நோயாளி படுத்திருப்பது போல இருந்தது.

விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள். பூமணி மின்விசிறியைப் போட்டாள். மின்விசிறிக்கும் ரயிலுக்கும் ஒரே சுவிட்சு. முந்தின நாள் ஓட்டிப் பார்த்த குணபூசணி வேகக் குமிழைத் திருப்பி வைக்க மறந்திருந்தாள்.

விரிப்புக்கு அடியில் எதுவோ நகர்ந்தது. மெல்ல வளைந்து, ஒரு குன்றைச் சுற்றி, அக்காளின் முழங்கைக்கு அருகில் வந்து ‘டொக்’ என்று முட்டியது. அக்காள் தேநீரோடு எழுந்து நின்றுவிட்டார். "எலி! எலி!"

சண்முகரத்தினம் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டு தரையில் மண்டி போட்டார்.

"இது யாரு செஞ்சது?"

தம்பு விரிப்பை இழுத்து மூடப் பார்த்தான்.

"நான்தான்," என்றாள் குணபூசணி.

அவர் அப்போதுதான் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். பண்டமாரான் பாசாரில் வாங்கிய ஒரு கட்டு ரம்புத்தான் பழம், பையில் ஒரு சின்னத் திருப்புளி. நெளிந்த தண்டவாளத்தை அவரும் அவளும் சேர்ந்து கழற்றிப் பூட்டினார்கள். அவருக்கு மெல்லிய விரல்கள். பேச்சு குறைவு. வண்டி ஓடத் தொடங்கியதும் வாயைத் திறந்தபடி பார்ப்பார்.

குணபூசணிக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்க ஆரம்பித்தது. வார்டில் சனிக்கிழமையே பாட்டு முணுமுணுத்தாள். (இதை ஆன்டி சொல்லவில்லை. என் சொந்தச் சரக்கு. ஆனால் நான் கேட்டபோது மறுக்கவும் இல்லை.)

ஒரு சந்தேகம் மட்டும் அவளுக்கு இருந்தது: இவர் வருவது எனக்காகவா, ரயிலுக்காகவா? பூமணியிடம் கேட்டாள்.

"ரெண்டும் ஒரே வீட்டிலதானே இருக்குது, உனக்கென்ன கவலை?" என்றாள் பூமணி.

எஞ்சின் வந்த பெட்டியின் மூடியில் ஒரு படம் இருந்தது. வெள்ளைப் பனிமலை, அதைக் குடைந்து ஒரு சுரங்கம், அதற்குள்ளிருந்து வரும் ரயில். சண்முகரத்தினம் அந்த மூடியை அடிக்கடி கையில் எடுப்பார். போர்ட் கிள்ளானில் ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்களுக்கெல்லாம் தாள் எழுதிக் கொடுத்தவர், நாட்டின் தென்முனையான ஜொகூரைத் தாண்டியதில்லை.

"பனி கையில பட்டா எப்படி இருக்கும் மிஸ்?"

"வலிக்கும்."

அவர் அதை நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

6

எழுபத்தொன்பது தைப்பூசம். குணபூசணி முதலுதவிக் கூடாரத்தில் தொண்டு செய்யப் பத்துமலைக்குப் போனாள். இரண்டு நாள் முழுக்க மயங்கி விழுந்தவர்கள், காலில் கண்ணாடி குத்தியவர்கள். மூன்றாம் நாள் காலையில் பாதமெல்லாம் எரிய வீட்டுப் படி ஏறினாள்.

வெளி அறையில் சண்முகரத்தினம் நின்றிருந்தார். சட்டை, முடி, புருவம் எல்லாம் வெள்ளை. முகத்தில் ஒரு பெருமை. பக்கத்தில் அண்ணன் தம்பு, "சர்ப்ரைஸ்!" என்றான்.

பலகையில் ஆறு இல்லை. ஆறு இருந்த இடத்தில் பிளாஸ்டரில் ஒரு பனிமலை, மூடியில் இருந்தது போலவே. நடுவில் ஒரு சுரங்கம்.

பாலம் ஒரு மைலோ டின்னில் இருந்தது. டின்னுக்குள் நுழையாததால் மடக்கி வைத்திருந்தார்கள்.

(இந்த இடத்தை ஐந்து விதமாக எழுதினேன். ஒன்றில் அவள் அழுதாள். ஒன்றில் டின்னை வீசினாள். ஆன்டி என்னிடம் சொன்ன விதம் இவற்றையெல்லாம்விடக் கடுமையாக இருந்ததால் அதையே தருகிறேன்.)

"பாருங்க மிஸ், இப்ப ஓட்டிக் காட்டறேன்," என்று அவர் குமிழைத் திருகினார். பச்சை எஞ்சின் புறப்பட்டது. மூன்று பெட்டிகளோடு சுரங்கத்துக்குள் போனது. வெளியே வரவில்லை.

மூவரும் காத்திருந்தார்கள். மலைக்குள்ளே சக்கரம் வீணாகச் சுற்றும் சத்தம். தடம் புரண்டிருந்தது. கைவிட்டு எடுக்க மலையில் எங்கும் வழி வைக்கவில்லை.

"குளிச்சிட்டு வரேன்," என்றாள் குணபூசணி. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அவள் திரும்பியபோது அவர் போயிருந்தார்.

7

அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் அவர் வரவில்லை. ரயில் மலைக்குள்ளேயே நின்றது. குணபூசணி அந்த அறைக்குள் போவதை நிறுத்திக்கொண்டாள். கிள்ளானிலிருந்து அக்காள் ஆள்மேல் ஆள் அனுப்பினார்: ஆமா, இல்ல, ரெண்டில் ஒன்று சொல்லச் சொல்லுங்கள்.

ஒருநாள் மாலை சண்முகரத்தினம் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு, ஏறாமலே கூப்பிட்டார்.

"மிஸ், மலைய உடைக்கலாமா?"

மேலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். "நீங்க கட்டினது. நீங்களே உடைங்க."

அவர் சுத்தியல் கொண்டுவந்திருந்தார். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பிளாஸ்டர் வெட்டும் சின்ன ரம்பத்தைக் கொடுத்தாள். "மெதுவா. உள்ள ஒருத்தர் கால் இருக்குனு நெனச்சுக்கங்க."

அவர் வெட்டினார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. வெட்டிக்கொண்டே சொன்னார்:

"நான் தெனமும் அந்த ஆத்தத் தாண்டித்தான் போறேன் வரேன். சேறு, நாத்தம். அத எதுக்கு வீட்டுக்குள்ள வச்சிருக்காங்கனு நெனச்சேன். வேற ஏதாச்சும் அழகா..."

"நாலு வருஷம் நான் அதப் பாக்கலயே," என்றாள் அவள். "உங்க பனியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பாலத்த அங்க இருந்துக்கிட்டுத்தான் கட்டினேன்."

ரம்பம் நின்றது. அது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் மைலோ டின்னைத் திரும்பிப் பார்த்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. மறுபடி வெட்டத் தொடங்கினார், முன்னைவிட மெதுவாக. எஞ்சின் கீறல் இல்லாமல் வெளியே வந்தது.

8

இப்போது முடிவு.

மேசையில் நான் அவசரப்பட்டேன். "கந்தசாமி கோயில்ல கல்யாணம், பலகைய லோரியில ஏத்திக் கிள்ளானுக்கு. சரியா ஆன்டி?"

"லோரியில ஏத்தினா பலகை வெடிச்சிரும்லா."

"அப்ப வேணாம்னு சொல்லிட்டீங்க. ரயிலோட பிரிக்ஃபீல்ட்ஸ்லயே தனியா..."

"தனியா ஓட்டினா தடம் புரண்டா யாரு தூக்கறது?"

இரண்டுக்கும் அவர் சொன்ன பதில் ரயிலைப் பற்றியது மட்டுமே. கழுத்தைப் பார்த்தேன், சேலைத் தலைப்பு இழுத்துப் போர்த்தியிருந்தது. விருந்து கொடுத்த மாப்பிள்ளை வீட்டாரிடம் விசாரித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். விசாரிக்கவில்லை. பிறகு அவராகவே சொன்னது இது.

பாலத்தை மறுபடி நிமிர்த்த மூன்று மாதம் ஆனது. சில கம்பிகள் ஒடிந்தே போயிருந்தன. அவற்றுக்குப் பதில் பிரிக்ஃபீல்ட்ஸ் குடைக் கம்பிகள். பாலம் கொஞ்சம் கோணலாக நின்றது. ஒரு ஞாயிறு பகலில் குணபூசணி பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து, கடைசிக் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். சண்முகரத்தினம் குனிந்து டார்ச் அடித்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய கைகளும் சூடான ஈயத்தின் ஒரு துளியும்தான்.

"மிஸ்," என்றார். "அக்கா பதில் கேக்கறாங்க. அக்கா இருக்கட்டும். நான் கேக்கறேன்."

அவள் ஊதி ஈயத்தை ஆற்றினாள். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"என்ன சொன்னீங்க ஆன்டி?" என்றேன் நான். ஐஸ்கிரீம் வந்துவிட்டது.

"அவருக்குக் கேட்டுச்சு," என்றார் அவர், கரண்டியை எடுத்துக்கொண்டே. "போதும்."

அந்தச் சொல்லைப் போட்டு எழுதிப் பார்த்தேன். ஒருமுறை ஒன்று, மறுமுறை மற்றொன்று. இரண்டுமே என் குரலில் கேட்டன. ஆகவே இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்குக் கேட்டால் எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதினால் நல்லது.

".........................," என்றாள் குணபூசணி.

சண்முகரத்தினம் டார்ச்சை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் பிடித்தார்.