வாயைத் திறந்த மூன்றாவது குரங்கு

அக்காள்மடத்துச் செபஸ்தியான் வீட்டு மரக்குரங்கு 1952-ஆம் வருடம், கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டுப் பேசியது. அன்று சீலா மீன் நல்ல விலைக்குப் போனது.

ஒரே கட்டையில் செதுக்கிய மூன்று குரங்குகள் அவை. ஒன்று கண்ணையும், ஒன்று காதையும், ஒன்று வாயையும் பொத்தியிருந்தன. நல்ல பிள்ளைகளுக்கான பாடம் என்று ஊர் நினைத்தது. உள்சங்கதி செபஸ்தியானுக்குத்தான் தெரியும். மலேயாவுக்குப் பிழைக்கப் போன அவனையும் கூட்டாளி அருளானந்தத்தையும் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில்பாதை போட ஓட்டிக்கொண்டு போனார்கள். சண்டை முடிந்த அன்று ஜப்பான் காவல்காரக் கிழவன் ஒருவன் இந்தக் கட்டையைக் கொடுத்து, பாதி மலாயிலும் பாதி சைகையிலும் விளக்கினான். மனிதன் வயிற்றில் மூன்று புழுக்கள் உண்டாம். அறுபது நாளைக்கொரு தடவை, அவன் தூங்கும்போது மேலேறிப் போய் அவன் பாவத்தையெல்லாம் தெய்வத்திடம் சொல்லிவிடுமாம். குரங்குகள் பொத்திக்கொண்டிருந்தால் ஒன்றும் மேலே போகாதாம். செபஸ்தியானுக்கு இது வசதியாக இருந்தது. ஊர் திரும்பியபின் அவன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கே போகவில்லை.

ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாளில் கோவிலில் செத்தவர்கள் பெயரை வாசித்து மன்றாடுவார்கள். பெயர் கொடுக்க வேண்டிய நாளில் அருளானந்தத்தின் மனைவி ஜெபமாலை வந்து நிற்பாள்.

"இந்த வருசம் அவுக பேரைக் குடுத்துரவாண்ணே?"

"வேணாம் தங்கச்சி. வருவான்."

அவளும் அன்றிரவு புருஷனுக்கும் சேர்த்து உலை வைப்பாள். பாவி மகள், ஆறு வருடம் அப்படி வைத்தாள்.

1948-இல் முதல் குரங்கு கண்ணிலிருந்து கையை எடுத்தது. அன்றுமுதல் செபஸ்தியான் எங்கே பார்த்தாலும் சயாம் காட்டுக் கொட்டகை தெரிந்தது. 1950-இல் இரண்டாவது குரங்கு காதை விட்டது. பேதியில் கிடந்த அருளானந்தத்தின் குரல் அலைச்சத்தத்துக்கு மேலே கேட்டது. பயந்துபோன செபஸ்தியான் மூன்றாவது குரங்கின் கையை வாயோடு சேர்த்து வலைநூலால் கட்டினான். கடலில் நனைய நனைய இறுகுகிற முடிச்சு அது, அவன் போட்டு ஒருநாளும் அவிழ்ந்ததில்லை.

அந்த 1952-இல் ஜெபமாலை வழக்கம்போல வந்து கேட்டாள். "வருவான்" என்று அவன் சொல்லி முடிக்குமுன் முடிச்சு தானாக அவிழ்ந்தது. குரங்கு செபஸ்தியானின் குரலிலேயே பேசியது.

"அவன் செத்துட்டான் தங்கச்சி. தண்ணி கேட்டான். எங்கிட்ட அரைக் குவளை இருந்துச்சு. காது கேக்காத மாதிரி திரும்பிப் படுத்து நானே குடிச்சிட்டேன்."

ஜெபமாலை அழவில்லை. கட்டையை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே கோவிலுக்குப் போய்ப் பெயரைக் கொடுத்தாள். செபஸ்தியானின் குரல் குரங்கோடு போய்விட்டது, அதன்பின் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவள் வீட்டில் குரங்கு தினமும் விடிந்ததும் அதே குரலில், "தண்ணி கேட்டான்" என்று ஒருமுறை சொல்லும். அவள் ஒரு செம்புத் தண்ணீரை அதன்முன் வைப்பாள். மாலைக்குள் செம்பு வற்றிவிடும். அக்கம்பக்கத்தார் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுப்புப் பற்றவைத்தார்கள்.

அந்தத் தண்ணீரை ஊற்றில் இறைத்து அவள் வாசலில் கொண்டுவந்து வைத்தவன் செபஸ்தியான். பன்னிரண்டு வருடம் வைத்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்ததில்லை, வேண்டாமென்று சொன்னதுமில்லை.