பதினேழும் பதினெட்டும்

ஆயில்காரர் என்றால்தான் அந்த வட்டாரத்தில் அவரைத் தெரியும். பதினோரு வருஷமாகத் தொழில்முறை பௌலிங் போட்டிகளில் லேனுக்கு எண்ணெய் போடுவது அவர் வேலை. பந்து உருளும் அறுபதடி மரப்பலகைத் தளம்தான் லேன்; அதன் கோடியில் நிற்கும் பத்துக் குப்பி வடிவக் கட்டைகள்தான் பின்கள், பந்தால் அவற்றைச் சாய்க்க வேண்டும். அதில் முதல் நாற்பதடிக்கு மெல்லிசாக எண்ணெய் பூசுவார்கள். எண்ணெய் இருக்கிற இடத்தில் பந்து வழுக்கி நேராகப் போகும். இல்லாத இடத்தில் தரையைப் பிடித்து வளையும். எங்கே எவ்வளவு என்பதைப் போட்டிக் குழு ஒரு தாளில் போட்டு ஆட்டக்காரர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடும். அந்தத் தாளை நம்பித்தான் அவர்கள் பந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆயில்காரர் தப்புப் பண்ணினால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆட்டக்காரனுக்குக் கைதான் சரியில்லை என்று தோன்றும்.

அன்று தகுதிச் சுற்று. காலையிலேயே நடுவர்கள் மேஜை போட்டு ஒவ்வொரு பந்தாக எடை பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயில்காரர் மெஷினை முதல் லேனில் இறக்கி வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் துடைத்துக்கொண்டே பின்னால் எண்ணெய் பூசுகிற மெஷின் அது. பதினெட்டாவது லேன் முடியும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. டேங்க் வற்றியிருந்தது. எண்ணெய் ஊற்றினார். எங்கிருந்து குறைந்தது என்று தெரியாததால் பதினேழையும் பதினெட்டையும் இன்னொரு தடவை ஓட்டியிருக்க வேண்டும். பயிற்சி தொடங்கப் பன்னிரண்டு நிமிஷம்தான் பாக்கி, இன்னும் ஆறு லேன் கிடந்தது. மைக்கில் ஒருவர், "ஆயில் முடிஞ்சுதா? ஆயில் முடிஞ்சுதா?" என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். விளக்கு இப்போதுதானே எரிந்தது, பெரிதாக ஒன்றும் குறைந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு பத்தொன்பதுக்குப் போய்விட்டார்.

எந்த லேனில் யார் ஆரம்பிப்பது என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். பதினேழு, பதினெட்டு ஜோடி நாலு பேருக்கு விழுந்தது. அதில் ஒருவர் கொக்கி.

கொக்கி ஆயில்காரருடைய மனைவியின் அண்ணன். அவர் பந்து கடைசி நேரத்தில் கொக்கி போட்ட மாதிரி உள்ளே திரும்பும் என்பதால் வந்த பெயர். வயது நாற்பத்தாறு. ஆயில்காரருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். போன வருஷம் மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. இந்தப் பருவம் முழுக்க எதிலும் கட் தாண்டவில்லை. கட் என்பது தகுதிச் சுற்று முடிந்ததும் முதல் இருபத்துநாலு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவது. இதிலும் தாண்டாவிட்டால் அடுத்த வருஷத்துக்கு அவருக்கு ஆட்டக்காரர் அட்டை கிடையாது.

"என்ன மாப்ளே, பதினேழு விழுந்திருக்கு. நல்லா போட்டிருக்கீங்களா, இல்ல என் காலை வாரிவிடப் போறீங்களா?" என்று மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக்கொண்டே கேட்டார் கொக்கி.

"போங்க மச்சான்," என்று ஆயில்காரர் சிரித்தார்.

முதல் ஆட்டத்தில் கொக்கியின் பந்து எண்ணெயில் நிற்கவே இல்லை. பாதித் தூரத்திலேயே வலப்பக்கம் தரையைப் பிடித்துக்கொண்டு இடதுபக்கம் பாய்ந்தது. பின்கள் இரண்டு மூலையிலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. பந்தை மாற்றினார். நிற்கும் இடத்தை மாற்றினார். பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்கையால் வீசிப் பார்த்தார். முன்னூறுக்கு நூற்று ஐம்பத்தொன்று. அவர் தரத்துக்கு அது மானக்கேடு. கூட ஆடிய இரண்டு வலக்கைக்காரர்களும் அதே பாடுதான் பட்டார்கள். நாலாவது ஆள் இடக்கைக்காரர். லேனின் இடப்பக்கமாக வீசும் அவர் மட்டும் இருநூற்று முப்பத்தாறு எடுத்தார்.

மெஷின் அறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆயில்காரருக்கு அந்த இருநூற்று முப்பத்தாறைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. டேங்க் வற்றும்போது முதலில் காற்று வாங்குவது வலப்பக்கக் குழாய்கள்தான்.

ஆட்டத்துக்கு ஆட்டம் எல்லோரும் இரண்டு லேன் தள்ளிப் போக வேண்டும். அடுத்து அங்கே வந்தவர்கள் முன்னால் ஆடியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துச் சுதாரித்துக்கொண்டார்கள். கொக்கி மற்ற ஐந்து ஆட்டத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி வந்தார். ஆறாவது ஆட்டத்தில் இருநூற்று நாற்பத்தெட்டு. ஆறு ஆட்டமும் முடிந்ததும் எல்லோரும் புள்ளித்தாளில் கையெழுத்துப் போட்டார்கள். பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். கொக்கி இருபத்தைந்தாவது. இருபத்துநாலாவது ஆளைவிட நாலு பின் குறைவு.

பட்டியல் ஒட்டி அரைமணி நேரத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். ஆட்டக்காரரும் சொல்லலாம், ஊழியரும் சொல்லலாம். ஆயில்காரருக்கு விதி தெரியும். மெஷின் அறையில் எண்ணெய்க் கேன் மேல் உட்கார்ந்திருந்தார். போய்ச் சொன்னால் லைசென்ஸ் போகும். அதைவிட, சொந்த மச்சானுக்காகக் கதை கட்டுகிறான் என்பார்கள். மச்சான் பெயரும் சேர்ந்து நாறும். சொல்லாவிட்டால்? அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் பார்க்கவில்லை.

மைக்கில் அடுத்த சுற்றுக்கு எண்ணெய் போடச் சொன்னார்கள். கை தானாக மெஷினைத் தள்ளியது. பதினேழு முடிந்து பதினெட்டிலும் மெஷின் பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டுத் திரும்புவதைப் பார்த்தபோதுதான், எதைத் துடைக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. மெஷினை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

போட்டி இயக்குநர் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். அதட்டாமல் பேசுவார். முழுதும் கேட்டுவிட்டு, "பட்டியல் ஒட்டி நாற்பது நிமிஷம் ஆச்சு. அதுவரைக்கும் நீங்க எங்க இருந்தீங்க?" என்றார்.

"மெஷின் ரூம்ல மேடம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் ஆட்டம் முடியறப்பவே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "லேன்ல டேப் ஒட்டி எடுத்து எண்ணெயை அளந்து பார்த்தா ஆதாரமாவது கிடைக்கும். லேன் எப்படி இருக்கு?"

"துடைச்சுட்டேன் மேடம்."

"யார் அந்த இருபத்தைந்தாவது ஆள்?"

"என் வீட்டுக்காரியோட அண்ணன்."

அந்த அம்மாள் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு விதிக்குழுவிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் புத்தகத்தைப் புரட்டினார்கள். கையெழுத்துப் போட்டாயிற்று, நேரம் கடந்தாயிற்று, லேனும் இல்லை, புள்ளி நிற்கும் என்றார்கள். ஒருவர் ஆயில்காரரை ஏற இறங்கப் பார்த்து, "சொந்தக்காரர்னு முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். எழுதிக் கொடுக்கவில்லை.

"மிச்ச சுற்றுக்கு வேற ஆளை வரச் சொல்றேன்," என்றார் இயக்குநர். "ரிப்போர்ட்ல எல்லாத்தையும் எழுதுவேன். அவர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க. எங்க நோட்டீஸைப் பார்த்து அவர் தெரிஞ்சுக்க வேண்டாம்."

கொக்கி லாக்கர் அறையில் பந்துகளைத் துணியால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"வாங்க மாப்ளே. நாலு பின். நாலு!" என்று சிரிக்கப் பார்த்தார். "பரவாயில்ல. கை போயிடுச்சு, அவ்வளவுதான். முதல் ஆட்டத்திலேயே தெரிஞ்சுபோச்சு. இப்பத்தான் சங்கத்துச் செயலாளரைப் பார்த்து விலகிக்கிறேன்னு சொல்லிட்டு வர்றேன்."

ஆயில்காரர் நின்றபடியே சொன்னார். விளக்கு எரிந்தது, ஓட்டாமல் விட்டது, இடக்கைக்காரரின் புள்ளி, அரைமணி நேரம், துடைத்தது. எதையும் விடவில்லை.

கொக்கி பையின் ஜிப்பைப் பாதியில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார் கடைசியில்.

"ஆமா மச்சான்."

"லேனை ஓட்டாம விட்டீங்களே, அது பரவாயில்ல. அவசரத்துல யாருக்கும் நடக்கும். நானும் பந்து வீசறப்ப எத்தனையோ தடவை கோட்டைத் தாண்டி மிதிச்சிருக்கேன்." குரல் ஏறவில்லை. "முதல் ஆட்டத்துலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்கல்ல?"

"நிறுத்தியிருப்பாங்க."

"நான் அங்க கையைத் திட்டிக்கிட்டு நின்னேன் மாப்ளே. நீங்க வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தீங்க. நான் உங்களைப் பார்த்தேன். நம்ம ஆள் நிக்கறாருன்னு ஒரு தைரியம்கூட வந்துச்சு."

ஆயில்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். பையைத் தூக்க உதவலாம் என்று கையை நீட்டினார். கொக்கி பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனார்.

வீட்டில் மனைவிக்கு அதற்குள் தெரிந்திருந்தது. சத்தம் போடவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, "அண்ணன் போன் பண்ணுச்சு. உங்களை ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு," என்றாள். சத்தியத்தைக் காப்பாற்றினாள். அன்றைக்கு மட்டுமில்லை, ரொம்ப நாளைக்கு அவருடன் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு மாதத்தில் லைசென்ஸை ரத்து செய்து கடிதம் வந்தது. ஆயில்காரர் ஒரு மருத்துவமனையில் தரை துடைக்கும் மெஷின் ஓட்டப் போனார். கொக்கி மனது மாறி அட்டைக்கு மறுபடி விண்ணப்பித்தார். வயதையும் புள்ளியையும் காட்டி மறுத்துவிட்டார்கள். இப்போது ஒரு கடையில் பந்துக்கு விரல் துளை போடுகிறார்.

குடும்பத்தில் ஏதாவது விசேஷம் என்றால் இருவரும் வருகிறார்கள். "வாங்க மாப்ளே" என்று கொக்கிதான் முதலில் கூப்பிடுகிறார். பக்கத்தில் உட்காரச் சொல்கிறார். மழையைப் பற்றி, பிள்ளைகள் படிப்பைப் பற்றி, வாடகை வீட்டுக்காரன் தொல்லையைப் பற்றி எல்லாம் பேசுகிறார்கள். யாராவது டிவியில் போட்டியைப் போட்டால், ஆயில்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார். திரும்பி வரும்போது யாரோ சேனலை மாற்றியிருக்கிறார்கள்.