கொடுக்கக்கூடிய புத்தகம்

1

தடதடவென்று கதவு அதிர்ந்தது. வெளியே நகரசபை எழுத்தர், இரண்டு காவலர்களுடன். கிறிஸ்தவர்களின் வேதப் புத்தகங்களை வாங்கி எரிக்க வேண்டும், மறுப்பவன் தலை போகும். பேரரசரின் ஆணை அப்படி.

(இது நான்காவது தொடக்கம். முதல் மூன்றில் பேரரசரைத் திட்டியிருந்தேன். இப்போது அதற்கும் தெம்பில்லை.)

அதிர்ந்தது பக்கத்து வீட்டுக் கதவு. நடுச்சுவர் வழியாக எனக்குக் கேட்டதுதான் இந்தக் கதை. எங்கள் சபையின் புத்தகங்கள், வழிபாட்டில் வேதத்தை உரக்கப் படிக்கும் வாசகர்களின் வீடுகளில்தான் இருக்கும். அந்த வீட்டுப் பாரிக் ஒரு வாசகன். நானும்தான்.

2

பாரிக் துணிச்சலாக எழுந்து...

இல்லை. அவன் எழவேயில்லை.

"போய்த் திறங்க. உடைச்சாங்கன்னா தச்சனையும் நாமதான் தேடணும்" என்றாள் அவன் மனைவி சனமே.

பெட்டியில் இருந்தவை மூன்று: ஒரு நற்செய்தி நூல், நிருபங்கள் என்னும் அப்போஸ்தலர் கடிதங்கள் ஒரு கட்டு, அப்புறம் 'விதவையின் தரிசனம்' என்ற சின்னப் புத்தகம். இறந்த குழந்தைகளுக்குப் பரலோகத்தில் ஒருத்தி நடை பழக்குவதாக அதில் வரும். சனமேயின் மகள் நடக்கும் முன்பே போய்விட்டாள். அதை வேதம் என்று சபை மூப்பர்கள் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. வாசித்தால் சபையே அழும்.

"இதைக் கொடுத்துடறேன்" என்றான் பாரிக்.

"ஏன், இதை மட்டும்?"

"இதுக்காக உயிரை விடணும்னு யாரும் சொல்லலையே."

"நான் சொன்னா கணக்கில்லையா?"

பெட்டியின் மூடி கிறீச்சிட்டது. (ஒரு நல்ல பதில் எழுதிப் பார்த்தேன். அவன் வாயில் ஒட்டவில்லை.)

3

முடிவுகள் என்னிடம் மூன்று. சனமே புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொள்கிறாள், காவலர்கள் வாளை... (வேண்டாம். அவள் உயிரோடிருக்கிறாள், இதைப் படிப்பாள்.) பாரிக் ஒரு வைத்தியப் புத்தகத்தை நீட்டி ஏமாற்றுகிறான். (அவனிடம் அது கிடையாது.) மூன்றாவதுதான் நடந்தது. கொடுத்துவிட்டான்.

எது வேதம் என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள் என்று நாளைக்கு யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். அன்று காலை எழுத்தர் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார், நான் அவரிடம்...

இந்த வாக்கியத்தை ஒரு மாதமாக முடிக்க முடியவில்லை. மிச்சத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். சுவருக்கு அப்பால் எழுத்தர் புத்தகத்தைப் புரட்டினார், கொட்டாவி விட்டார்.

"தெருவுல அஞ்சு வீடு ஏறி இறங்கிட்டேன் பாரிக், அஞ்சு பேரும் இதே புத்தகத்தைத்தான் கொடுத்தீங்க. அப்போ கொடுக்காம ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அது என்னப்பா?"