ரம்யாஸ்ரீ கேட்ட அறை

கட்டட வடிவமைப்பாளர் ஹுமா வரைந்த வீடுகளிலேயே கீழக்குயில்குடி வீட்டுக்குத்தான் பெயர் அதிகம். சமணர் மலையைப் பார்த்தபடி நிற்கும் அந்த வீட்டுக்குள் ஒரு குறுக்குச் சுவர்கூடக் கிடையாது. வளைந்த ஒற்றைக் கூரைக்குக் கீழே சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம் படிப்படியாக இறங்கிப் போகும். நடுவே, படியேறிப் போகும் ஒரு பரண்தளம். அதில் நின்றால் வீட்டின் எந்த மூலையும் கண்ணுக்குத் தப்பாது.

வீட்டின் சொந்தக்காரன் துளசிராம், சுங்குடிச் சேலை மொத்த வியாபாரி. மனைவி ரம்யாஸ்ரீயோடு ஹுமாவின் ஆபீசுக்கு முதன்முதலாக வந்தபோது அவன்தான் பேசிக்கொண்டிருந்தான். கிளம்பும் நேரத்தில் அவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா, எனக்கு ஒரே ஒரு ரூம் மட்டும் கதவு வச்சுக் குடுங்க. சின்னதா இருந்தாலும் போதும். உள்ள தாழ்ப்பா இருக்கணும்."

துளசிராம் சிரித்தான். "புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல எதுக்கு மேடம் தாழ்ப்பா?" பிறகு அவள் பக்கம் திரும்பி சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னான். ஹுமாவுக்கு அந்த மொழி தெரியாது. தெரியாமல் இருந்தது அப்போது வசதியாகவும் இருந்தது.

முதல் பிளானில் ஏழுக்கு எட்டு அடியில் ஒரு அறை போட்டாள். துளசிராம் அதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டான். ஹுமா வாதாடவில்லை. அந்த அறை போனதும் பிளான் எம்புட்டு அழகாகிவிட்டது என்று அவளே மகிழ்ந்தாள்.

பூச்சு வேலை முடிந்த வாரம், கொத்தனார் விருமாண்டி சைட்டிலிருந்து போன் செய்தார்.

"மேடம், வீட்டுக்கார அம்மா தனியா ஆட்டோவுல வந்துருக்கு. படிக்குக் கீழ மறைவா ஒரு சுவர் வச்சு, சின்னக் கதவு போட்டுத் தரச் சொல்லுது. சாருக்குத் தெரிய வேணாங்குது. என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யாதீங்கண்ணே. நான் பேசிக்கிறேன்."

அவள் பேசியது துளசிராமிடம். வீட்டம்மாவுக்கு இன்னும் அந்த அறை ஆசை விடவில்லை சார் என்று விளையாட்டுப்போலத்தான் சொன்னாள். படிக்குக் கீழே சுவர் வந்தால் முழு வீடும் கெட்டுவிடும் என்ற பயம் அவளுக்கு. துளசிராமும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

பால் காய்ச்சிய அன்று ரம்யாஸ்ரீயின் இடது கையில் மாவுக்கட்டு இருந்தது. வழுக்கி விழுந்ததாக வந்தவர்களிடம் அவளே சொன்னாள். ஹுமா கட்டைப் பார்த்தாள், துளசிராமிடம் தான் பேசிய நாளிலிருந்து மனசுக்குள் எண்ணினாள், எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம், மிச்சமிருந்த வேலையிலிருந்து விருமாண்டியைத் துளசிராம் நிறுத்திவிட்டான்.

ஐந்து மாதம் கழித்து ஒரு பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். ஹுமா காலையிலேயே போய்விட்டாள். துளசிராம் பரண்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான்.

"நீங்க போட்டதுலயே பெஸ்ட் இடம் இதுதான் மேடம்" என்றவன், கீழே குனிந்து, "ரம்யா, போன் யாருக்கு?" என்றான். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

படமெடுப்பவர்களுக்கு மலையைக் காட்ட அவன் வெளியே போனதும், ரம்யாஸ்ரீ ஹுமாவைப் படுக்கைப் பக்கம் கூட்டிப்போய்த் துணி அலமாரியைத் திறந்தாள். தொங்கும் சேலைகளுக்குக் கீழே ஒரு தலையணை, ஒரு தண்ணீர் பாட்டில்.

"அவரு கடைக்குப் போனாலும் கேமராவுல பாத்துக்கிட்டே இருப்பாரு. இதுக்குள்ள மட்டும் தெரியாதுக்கா. துணி அடுக்குறேன்னு சொல்லி அரைமணி நேரம் உக்காந்துக்குவேன்."

அந்தப் பெண் கூனிக்குறுகி உட்காரும் இடத்தின் அளவு ஹுமாவுக்குத் தெரியும். இரண்டடி ஆழம்.

"அன்னைக்கு நான் கேட்டத அந்தக் கொத்தனார் இவர்கிட்ட சொல்லிட்டாரு. நல்ல மனுசன்னு நம்பிட்டேன்" என்றாள் ரம்யாஸ்ரீ.

சொல்ல வேண்டிய வார்த்தை ஹுமாவின் நாக்கு நுனிவரை வந்தது. "சில பேரு அப்படித்தாம்மா" என்றாள்.

மதியம் படப்பிடிப்பு முடிந்து கிளம்பும்போது துளசிராம் வாசல்வரை வந்தான்.

"மேடம், அந்த அலமாரிக் கதவுதான் உறுத்துது. மரமா அடைச்சுக்கிட்டு நிக்குது. கண்ணாடியா மாத்திட்டா?"

அந்த அரைமணி நேரம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குத் தெரியும் என்பது ஹுமாவுக்கும் புரிந்தது. பின்னால் படமெடுப்பவர் கேமராவைப் பைக்குள் வைத்தபடி, அட்டைப் படமே இந்த வீடுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாத்திடலாம் சார்" என்றாள் ஹுமா.

திங்கட்கிழமை ஆசாரி போய்க் கண்ணாடி மாட்டிவிட்டு வந்தார். அலமாரிக்குள் இருந்த தலையணையை அந்தம்மா அவசரமாக எடுத்து ஒளித்ததை, ஏதோ வேடிக்கைபோல ஹுமாவிடம் சொன்னார். அன்று மதியம் ஹுமா சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்தாள். விருமாண்டி சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், நீ அந்த வீட்டை விட்டுப் போயிரு, வில்லாபுரத்தில் என் தோழி வீடு இருக்கிறது. நாலு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டு ரம்யாஸ்ரீயின் நம்பரை அழுத்தினாள்.

"சொல்லுங்க மேடம்" என்றது துளசிராமின் குரல். "இனிமே அவ போனு என்கிட்டதான் இருக்கும்."

"கண்ணாடி நல்லா அமைஞ்சிருக்கான்னு கேக்கத்தான் சார் போட்டேன்."

"அருமையா இருக்கு மேடம். ரம்யாவே சொல்லுவா, கேளுங்க" என்று போனை நீட்டினான்.

"நல்லா இருக்குக்கா" என்றாள் ரம்யாஸ்ரீ.